ஆளுக்கு ஒரு உறுப்பு

காரியாபட்டிக்கு வெளியே, நாற்கரச் சாலைக்காகத் தோண்டிப்போட்ட கிராவல் புழுதிக்கு நடுவில், 'ஒருங்கிணைந்த உறுப்பு மருத்துவ உயர்நிலையம்' இரண்டாயிரத்து ஆறில் திறக்கப்பட்டது. ஒருங்கிணைந்த என்றால் அங்கே என்ன பொருள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நுரையீரலுக்கு ஒரு கட்டடம், தோலுக்கு ஒரு கட்டடம், சிறுநீரகத்துக்கு ஒன்று, கர்ப்பப்பைக்கு ஒன்று, ஒவ்வொன்றையும் சுற்றி ஆளுயரச் சுவர். திறப்பு விழாவில் பேசியவர்கள் எல்லோரும், மனித உடம்பு இத்தனை காலம் ஒரு ஒழுங்கில்லாமல் ஒன்றாகவே கிடந்ததை நினைத்து வருத்தப்பட்டார்கள்.

மறு வருடம் தீபாவளி சீசனில், தாயில்பட்டிப் பட்டாசு ஆலையொன்றில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்த சங்கிலிமுத்துவுக்கு இடது பக்கம் சுருக்கென்று குத்தி மூச்சு நின்றுபோனது. கம்பெனி மேனேஜர் ஓடிவந்து ஜீப் கொடுத்தார். கூடவே, "நம்ம வெடிமருந்துப் புகையால வந்துச்சுன்னு மட்டும் யார்ட்டயும் சொல்லிராதப்பா" என்று ஒரு வாக்கியமும் கொடுத்தார். சங்கிலிமுத்துவால் அப்போது எந்த வாக்கியமும் சொல்ல முடியாது என்பதை அவர் கவனிக்கவில்லை.

உயர்நிலையத்தின் கேட்டில் காவலாளி ஊர்க்காவலன் நின்றிருந்தார். ரோட்டுப் புழுதிக்குப் பயந்து கண்ணுக்குக் கீழே முகம் முழுவதையும் கட்டம்போட்ட கைக்குட்டையால் கட்டியிருந்தார். கையில் நாலு நிறத்தில் சீட்டுக் கட்டுகள்.

"எந்த உறுப்பு?" என்று கேட்டார்.

"ஆளுக்குத்தான் முடியலை," என்றார் சங்கிலிமுத்துவின் மனைவி இருளம்மாள்.

"ஆளைப் பாக்குற கட்டடம் இங்கன இல்லம்மா. உறுப்பைச் சொல்லுங்க. ஒரு தடவைக்கு ஆளுக்கு ஒரு உறுப்புதான். யோசிச்சுச் சொல்லுங்க, பெறகு மாத்தித் தர மாட்டேன்."

இருளம்மாள் யோசித்தார். சங்கிலிமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால் நுரையீரல் என்று முடிவாகி நீலச் சீட்டு கிடைத்தது.

விலாவில் குழாய் போட்டார்கள். உள்ளே சேர்ந்திருந்த காற்று பாட்டிலில் குமிழ் குமிழாக வெளியேறியது. மூச்சு வந்ததும் சங்கிலிமுத்து ஜன்னல் வழியே தனித்தனிக் கட்டடங்களைப் பார்த்தார். அவருக்கு அந்த ஏற்பாடு பிடித்துத்தான் இருந்தது. பட்டாசு ஆலையிலும் அப்படித்தான். ரூமுக்கு நாலு பேர், ரூமுக்கு ரூம் தள்ளித் தள்ளி. ஒன்றில் தீப்பிடித்தால் இன்னொன்றுக்குப் போகாது. நுரையீரலும் சிறுநீரகமும் பக்கத்தில் இருந்தால் ஏதோ வெடித்துவிடும் போலிருக்கிறது, அதனால்தான் பெரியவர்கள் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று நம்பினார். ஆலையில் போல, கட்டடத்துக்குள் நுழையும் முன் உடம்பு மின்சாரம் இறங்கக் கை வைக்க வேண்டிய செம்புத் தகடு எங்கே என்று ஒரு நர்ஸிடம் கேட்கவும் செய்தார்.

அங்கே மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த சொர்ணலட்சுமி என்ற இளம் மருத்துவருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நோயாளியின் முகத்தைப் பார்ப்பார்.

"மூக்குலயும் கன்னத்துலயும் இப்படி வெள்ளை வெள்ளையா பொரிஞ்சிருக்கே, எப்ப இருந்து?"

"அது எங்க வகையறா அடையாளம்மா. முப்பது வயசுக்கு மேல வரும். கம்பரிசி மூக்குக்காரகன்னு ஊருக்குள்ள சொல்லுவாக. எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு, அண்ணனுக்கும் இருந்துச்சு."

"அப்பா எப்படி இறந்தாரு?"

"மூட்டை தூக்கயில மூச்சு பிடிச்சுக்கிருச்சு. முனி அடிச்சுருச்சுன்னாக. அண்ணன் முனியராஜுக்கு வயித்துல கட்டி. பாக்கயில முத்திப்போச்சு."

சொர்ணலட்சுமி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனார். மறுநாள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்காரக் கூடாது என்று விதி இருந்தது.

"அண்ணாச்சி, இது மூணு வியாதி இல்ல. ஒரே வியாதி. கனடாவுல மூணு டாக்டருக சேர்ந்து எழுதினது, பர்ட்-ஹாக்-டூபேன்னு மூணு பேர் பேரையும் சேர்த்துச் சொல்லுவாங்க. மரபணுவுல ஒரு கோளாறு. அது முகத்துல இப்படிப் பொரியும், அதனால கெடுதல் ஒண்ணும் இல்ல. நுரையீரல்ல சின்னச் சின்னக் கொப்புளமா காத்து நிக்கும், அது உடைஞ்சா உங்களுக்கு வந்த மாதிரி மூச்சு நிக்கும். சிறுநீரகத்துல மட்டும் சத்தமில்லாம கட்டி வளரலாம். உங்க அண்ணனுக்கு அதுவாத்தான் இருக்கணும். சின்னதா இருக்கயிலேயே ஸ்கேன் எடுத்துப் பார்த்தா வெட்டி எடுத்துடலாம். பெத்தவங்ககிட்ட இருந்து பிள்ளைகளுக்கு வரும். பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்க ரத்த சொந்தம் எல்லாரையும் பாக்கணும்."

சங்கிலிமுத்துவுக்கு அதில் ஒன்று மட்டும் அழுத்தமாகப் பதிந்தது. அண்ணனைக் கொன்றது தன் வயிற்றிலும் இருக்கலாம். இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டால் போதும்.

குழாய் எடுத்து வீட்டுக்கு வந்ததும் மருத்துவர் சொன்னபடியே செய்தார். மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் கூடிய பங்காளிகளை எல்லாம் லோடு வேனில் ஏற்றிக்கொண்டு உயர்நிலையத்துக்கு வந்து இறங்கினார். ஊர்க்காவலன் ஒவ்வொருவராக எந்த உறுப்பு என்று கேட்க, அத்தனை பேரும் மூக்கு என்றார்கள். மூக்குக்குக் கட்டடம் இல்லை. விஷயம் கேள்விப்பட்டுச் சொர்ணலட்சுமியே வெளியே வந்து, கேட்டுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் அவர்களை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தார். பாதிப் பேருக்கு மேல் முகம் வழவழவென்று இருந்தது.

"இவுக எல்லாம் உங்க சொந்தக்காரங்களா?"

"ஒரே குலசாமி கும்பிடுறவுகம்மா. சாமியாண்டி மட்டும் சுவீகாரம் வந்தவரு, ஆனாலும் கோயில் வரி குடுக்காரு."

"பொம்பளைங்க யாரும் வரலையே. உங்க பொண்ணு?"

"செல்வலட்சுமியை நாரணாபுரத்துல கட்டிக்குடுத்துட்டேனே. அவ வேற குலசாமிக்குப் போயிட்டாள்ல. எங்க வியாதி அவளுக்கு எப்படிம்மா வரும்?"

சொர்ணலட்சுமி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இந்த வியாதி குலசாமி பாக்காது அண்ணாச்சி. கட்டிக்குடுத்தாலும் உங்க ரத்தம்தான். பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. அக்கா தங்கச்சி, அத்தை, அத்தை பிள்ளைங்க எல்லாரும் வேணும்."

"அத்தை ஒண்ணு இருந்துச்சு, ராமுத்தாய்னு. இந்தப் பக்கம்தான் எங்கயோ குடுத்தது. அது மகனுக்குக் காது குத்தயில தாய்மாமன் சீருக்குக் கிடா சின்னதா இருந்துச்சுன்னு சண்டை. அதோட பேச்சு வார்த்தை இல்ல. நான் அப்ப சின்னப் பய."

"அந்தக் காது குத்தின பையனைக் கண்டுபிடிங்க," என்றார் சொர்ணலட்சுமி. அதற்குள் மாடி ஜன்னலிலிருந்து யாரோ அவரைப் பார்த்துவிட்டார்கள்.

அன்று மாலை நுரையீரல் துறைத் தலைவர் உக்கிரபாண்டி அவரை அழைத்தார். "நீங்கள் எந்தத் துறை?"

"நுரையீரல், சார்."

"நுரையீரல் துறையில் இருந்துகொண்டு இத்தனை மூக்குகளைப் பார்த்திருக்கிறீர்கள். மூக்கின் உட்பகுதி என்றால்கூட, மூச்சு போகும் வழி என்று நான் உங்களுக்காக வாதாடியிருப்பேன். நீங்கள் வெளிப்பகுதியைப் பார்த்திருக்கிறீர்கள். முப்பது வருட சர்வீஸில் நான் ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்ததில்லை. அதனால்தான் இந்த நாற்காலியில் இருக்கிறேன்."

பிறர் உறுப்பில் கண் வைத்த குற்றத்துக்காகச் சொர்ணலட்சுமி கர்ப்பப்பைக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டார்.

சங்கிலிமுத்து அடுத்து பழுப்புச் சீட்டு வாங்கிக்கொண்டு சிறுநீரகக் கட்டடத்துக்குப் போனார். துறைத் தலைவர் தங்கப்பாண்டியன் கனிவானவர்.

"வலி இருக்கிறதா?"

"இல்லங்கய்யா."

"சிறுநீரில் ரத்தம்?"

"இல்லங்கய்யா. வராம இருக்கணும்னுதான் பாக்கச் சொன்னாக."

"தம்பி, இது சிறுநீரக நோயாளிகளுக்கான இடம். உங்களுக்கு நோய் இல்லை. நோய் இல்லாதவர்களுக்கு நாங்கள் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தால் நோயாளிகள் எங்கே போவார்கள்? கட்டி பெரிதாகட்டும். வலி வரட்டும். உங்கள் அண்ணன் முத்திப்போய் வந்தார் என்கிறீர்களே, அதுதான் முறை. அப்படி வந்தால் எங்களுக்கும் கண்டுபிடிக்கச் சுலபமாக இருக்கும்."

சங்கிலிமுத்து நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். கனிவாகப் பேசினால் அவருக்குக் கேள்வி கேட்க வராது.

அடுத்த தடவை மஞ்சள் சீட்டில் தோல் கட்டடம். துறைத் தலைவர் சீனிவாசகம் பூதக்கண்ணாடியால் மூக்கைப் பார்த்து மெய்மறந்தார். "பிரமாதம். இப்படி ஒரு மூக்கைப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன்" என்று ஐந்தாறு படம் எடுத்துக்கொண்டார்.

"அப்ப வயித்துக்கு ஸ்கேனுக்கு எழுதிக் குடுங்கய்யா."

"அது முடியாதே. என் அதிகாரம் தோலின் கனம் வரைக்கும்தான். அதற்குக் கீழே கொழுப்பு வந்துவிடுகிறது. கொழுப்பு யாருடையது என்றே இன்னும் தீர்மானமாகவில்லை, கமிட்டி போட்டிருக்கிறோம்."

இருளம்மாளுக்கு இதெல்லாம் கேட்டுக் கோபம் வந்தது. "அம்புட்டுப் பேரும் ஒரு வயித்தைப் பாக்கப் பயப்படுறாகளே. அந்த டாக்டர் பிள்ளை எங்கன இருக்கோ அங்கன போவோம்" என்று மறுபடி கேட்டுக்கு இழுத்து வந்தார்.

"எந்த உறுப்பு?"

"கர்ப்பப்பை," என்றார் சங்கிலிமுத்து தலையைக் குனிந்துகொண்டு.

ஊர்க்காவலன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கேட்டில் ஒட்டியிருந்த விதிகளை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். "ஆம்பளைன்னா குடுக்கக் கூடாதுன்னு இதுல எங்கயும் போடலை," என்று ரோஸ் நிறச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

கர்ப்பிணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, முறை வந்ததும் சங்கிலிமுத்து படுத்தார். சொர்ணலட்சுமி வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை உருட்டினார். இடது பக்கம் வந்ததும் கை நின்றது. திரும்பத் திரும்ப அதே இடத்தில் உருட்டினார்.

"இருக்கு அண்ணாச்சி. நெல்லிக்காய் அளவுதான். இப்ப எடுத்துட்டா தப்பிச்சுக்கலாம்."

சங்கிலிமுத்து அழுதார். கட்டி இருந்ததற்காகவா, கடைசியில் ஒரு ஆள் பார்த்ததற்காகவா என்று கேட்டிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண், முதல் பிள்ளைக்கு எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று ஆறுதல் சொன்னாள்.

அந்த ஸ்கேனைத் தங்கப்பாண்டியன் கையால் தொடவில்லை. "கர்ப்பப்பைக் கட்டடத்தில் தெரிந்தது கர்ப்பப்பைக்கு உரியது. அவர்கள் சொல்லி நான் அறுத்தால், நாளை நான் சொல்லி அவர்கள் பிரசவம் பார்க்க வேண்டிவரும். நிர்வாகம் குலைந்துவிடும்."

இதற்கிடையில் ரோஸ் சீட்டு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தாயில்பட்டிக்கு ஒரு காலையில் கிராம நர்ஸ் வந்து சங்கிலிமுத்துவைத் தேடினார்.

"ஒங்க பேருதான் கர்ப்பம்னு வந்திருக்கு. கையைக் காட்டுங்க, ஊசி போடணும்."

"நான் ஆம்பளைம்மா."

"தெரியுது. நான் போடாமப் போனா மெமோ எனக்குல்ல வரும். நாப்பத்தஞ்சு வயசுல தாங்குறது கஷ்டம், பட்டாசு வேலைக்கெல்லாம் போகாதீக."

ஊசியைப் போட்டு, சத்து மாத்திரைகளையும் கொடுத்துவிட்டுப் போனார். நிஜமாகவே மாசமாக இருந்த மகள் செல்வலட்சுமி நாரணாபுரத்தில் எந்தச் சீட்டிலும் இல்லை. மாத்திரைகளை இருளம்மாள் அவளுக்கு அனுப்பிவைத்தார்.

இனி ஒன்றும் நடக்காது என்று சங்கிலிமுத்து ஓய்ந்திருந்தபோது உயர்நிலையத்திலிருந்து கார் வந்தது. இப்படி ஒரு அரிய நோய் தங்கள் எல்லைக்குள் இருப்பது வெளியூர் வரை தெரிந்துவிட்டதால், அதைக் கண்டுபிடித்தது யார் என்று துறைத் தலைவர்கள் மூவரும் உட்கார்ந்து பேசி, தாங்கள் மூவரும்தான் என்று ஒருமனதாக முடிவெடுத்திருந்தார்கள். ஆண்டு விழாவில் நோயாளிக்குப் பொன்னாடை. சிவகாசியில் பல வண்ணத்தில் காலண்டர் வேறு அச்சடித்திருந்தார்கள். ஒரு தாளில் சங்கிலிமுத்துவின் மூக்கு. அடுத்த தாளில் அவருடைய நெஞ்சு எக்ஸ்ரே. மூன்றாவது தாளில், நோய் இன்னும் முறைப்படி வந்து சேராததால், சிறுநீரகக் கட்டடத்தின் முகப்புத் தோற்றம்.

சீனிவாசகம் பேசினார்: "இந்த மூக்கு நம் மாவட்டத்தின் சொத்து." உக்கிரபாண்டி பேசினார்: "இவருடைய நுரையீரல் உடைந்திராவிட்டால் இன்று நாம் இங்கே கூடியிருக்க முடியாது. அதற்காக அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்." பட்டாசுக் கம்பெனி மேனேஜரும் மேடையேறி, இது அப்பன் வழியாக வந்த வியாதி என்று மருத்துவ உலகமே ஒப்புக்கொண்டதில் ஒரு முதலாளியின் ஊழியனாகத் தன் கண் கலங்குகிறது என்றார். கலங்கத்தான் செய்தது. கர்ப்பப்பைக் கட்டடத்துக்கு மட்டும் அழைப்பு இல்லை.

கடைசியில் சங்கிலிமுத்துவிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் மேடையில் பேசியதில்லை. பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, மனசில் இருந்ததைச் சொன்னார்.

"எல்லாருக்கும் வணக்கம். பிரசவக் கட்டடத்துல ஸ்கேன் எடுத்து எனக்கு வயித்துல இருக்குன்னு சொல்லிட்டாக. நர்ஸம்மாவும் வந்து ஊசி போட்டுட்டுப் போயிட்டாக. வளந்துக்கிட்டே இருக்கு. எடுங்கன்னா எங்க வேலை இல்லைங்கிறாக. இதை எப்ப எடுப்பீகன்னு மட்டும் ஒரு வார்த்தை சொன்னீகன்னா வீட்டுல நிம்மதியா இருப்போம்."

முன்வரிசையில் ஒரு மாலைப் பத்திரிகை நிருபர் இருந்தார். அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து எழுத ஆரம்பித்தார். மறுநாள் விருதுநகர் பஸ் ஸ்டாண்டு கடைகளில் எல்லாம் போஸ்டர் தொங்கியது: 'கர்ப்பமான பட்டாசுத் தொழிலாளி கதறல். மருத்துவ நிலையம் மௌனம்.'

கட்டிக்கு அசையாத தங்கப்பாண்டியன் போஸ்டருக்கு அசைந்தார். ஓர் ஆணின் கர்ப்பம் தங்கள் வளாகத்தில் நீடிப்பது துறைகளுக்கே அவமானம் என்று அவசரக் கூட்டம் தீர்மானம் போட்டது. கர்ப்பத்தை இல்லாமல் செய்ய ஒரே வழி, அது சிறுநீரகக் கட்டிதான் என்று நிரூபிப்பது. நிரூபிக்க வேண்டுமானால் வெட்டி எடுக்க வேண்டும். அந்த வாரமே வெட்டினார்கள். நன்றாகத்தான் வெட்டினார்கள், அதை மறைக்கக் கூடாது. சிறுநீரகம் பிழைத்தது, கட்டி மட்டும் வந்தது. சங்கிலிமுத்து சேர்ந்தது ரோஸ் சீட்டில் என்பதால் அதிலேயே எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள்: தாய் நலம். சேய், பரிசோதனைக்கு அனுப்பப்பட்டுள்ளது.

தையல் பிரிக்க அவர் மறுபடி வந்த அன்று கோடை மழை நன்றாகப் பெய்திருந்தது. சாலையில் புழுதி அடங்கிக் கிடந்தது. ஊர்க்காவலன் கைக்குட்டையை உருவிப் பிழிந்து கேட்டுக் கம்பியில் காயப்போட்டிருந்தார். சங்கிலிமுத்து அந்த முகத்தை அன்றுதான் பார்த்தார். மூக்கிலும் கன்னத்திலும், அள்ளித் தெளித்தது போல, கம்பரிசி.

"ஒங்க ஆத்தா பேரு என்னய்யா?"

"ராமுத்தாய். ஏன் கேக்கீக?"

"தாயில்பட்டியில பொறந்ததா?"

"ஆமா. செத்து வருசம் பல ஆச்சு. மூச்சு நின்னுதான் செத்துச்சு."

"ஒனக்குக் காது குத்தயில கிடா சின்னதுன்னு சண்டை போட்டாகளா?"

ஊர்க்காவலன் சீட்டுக் கட்டுகளைக் கீழே வைத்தார். சங்கிலிமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மச்சான்" என்றார். தினமும் அந்த மூக்கைத் தாண்டித்தான் மூன்று துறைத் தலைவர்களும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கைக்குட்டை இல்லாத மழை நாட்கள் முன்பும் இருந்திருக்கும்.

தனக்குச் சொல்லப்பட்டது எல்லாவற்றையும் சங்கிலிமுத்து அவருக்குச் சொன்னார். ஊர்க்காவலன் இடுப்பில் கையை வைத்தார். "ஒரு வருசமா இந்தப் பக்கம் கிண்ணுனு வலிக்குது மச்சான். நின்னு நின்னு வலிக்குதுன்னு இருந்துட்டேன். இங்க வேலை பாக்குறவன் நோயாளி இல்லைங்கிறது விதி."

பிறகு வழக்கம் மாறாமல், ஆனால் சத்தம் வராமல், "எந்த உறுப்பு?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். நீலத்தை எடுத்து வைத்தார். மஞ்சளை எடுத்து வைத்தார். பழுப்பில் சற்று நேரம் கை நின்றது. ஆளுக்கு ஒன்றுதான் என்று எத்தனையோ பேரை அவரே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

கடைசியில் ரோஸ் சீட்டைக் கிழித்தார். பெயர், ஊர்க்காவலன். உறுப்பு, கர்ப்பப்பை. தொப்பியைக் கழற்றிச் சங்கிலிமுத்துவிடம் கொடுத்து, "வர்ற வரைக்கும் கேட்டைப் பாத்துக்கோ மச்சான்" என்று சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சொர்ணலட்சுமி இருந்த கட்டடத்தைப் பார்த்து நடந்தார்.

சங்கிலிமுத்து தொப்பியைப் போட்டுக்கொண்டு கேட்டைச் சாத்தினார். சற்று நேரத்தில் உக்கிரபாண்டியின் கார் வந்து ஹாரன் அடித்தது. திறக்காததால் அவர் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினார். சங்கிலிமுத்து மரியாதையாகக் குனிந்தார்.

"எந்த உறுப்புங்கய்யா?"